போக்கரில் எந்தக் கையை ஆடலாம், எதைக் கவிழ்க்கலாம்: 28 ஆடிப் பழகியவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த பலரும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒன்று ரம்மி, இன்னொன்று 28. குலசேகரம் பக்கம் மழைக்கு ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் நாட்களிலும், குளச்சல், முட்டம் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்திலும், கல்யாண வீட்டில் முந்தின ராத்திரியும் சீட்டுக்கட்டு தானாக வெளியே வந்துவிடும். இப்போது அந்த வட்டத்தில் உட்காரும் இளையவர்கள் போக்கர் சொல்லித்தரச் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கரில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டை, அதாவது 'கை'யைப் பார்த்து, ஆடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி என்பதை மட்டும் சொல்லப்போகிறேன். நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டி பிளஃப் அடிப்பது, எதிராளியின் முகத்தைப் படிப்பது எல்லாம் அப்புறம். இந்த ஒரு முடிவு சரியாக வந்துவிட்டால், புதியவர்கள் இழப்பதில் பெரும்பகுதி மிச்சமாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

காசு வேண்டாம், கொட்டை போதும்

தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பணம் வைத்து ஆடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மி, போக்கர் இரண்டையும் பெயர் சொல்லியே ஆன்லைனில் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அந்தத் தடை இவற்றுக்குப் பொருந்தாது என்றது. அதன்பின் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளை நாம் போதும் போதும் என்கிற அளவுக்குப் படித்துவிட்டோம். வீட்டு வராந்தாவில் ஆடும் ஆட்டத்துக்குள் அந்த வழியைத் திறந்துவிட வேண்டாம்.

புளியங்கொட்டைக்கு 1, மஞ்சாடிக்கு 10 என்று மதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 புளியங்கொட்டை, 18 மஞ்சாடி, ஆகமொத்தம் 200. தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது, மறுபடி வாங்கக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். இந்த விதி இல்லாவிட்டால், காசில்லாத ஆட்டத்தில் எல்லோரும் எல்லாக் கையையும் ஆடுவார்கள். யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்டம் எப்படி நடக்கும்

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். அதைப் பார்த்து முதல் பந்தயச் சுற்று. பிறகு நடுவில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், அது ஃப்ளாப். மறுபடி ஒரு சுற்று. நாலாவது சீட்டு டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுற்று. உங்கள் கையில் இரண்டு, நடுவில் ஐந்து. அந்த ஏழில் எந்த ஐந்து சிறந்ததோ அதுவே உங்கள் கணக்கு.

கீழிருந்து மேலே தரவரிசை இப்படி: ஒன்றோடொன்று சேராத தனிச் சீட்டு, ஒரே எண்ணில் இரண்டு வரும் ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, ஐந்தும் வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட், ஐந்தும் ஒரே இனமாக (எல்லாம் இஸ்பேட் என்பதுபோல) வரும் ஃப்ளஷ், மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே எண்ணில் நான்கு, கடைசியாக ஒரே இனத்தில் வரிசை.

சீட்டு போடும் டீலருக்கு இடப்பக்கம் இருப்பவர் 1 கொட்டையும், அவருக்கு அடுத்தவர் 2 கொட்டையும் சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டும். முன்னவர் ஸ்மால் பிளைண்ட், பின்னவர் பிக் பிளைண்ட். மற்றவர்களுக்கு மூன்று வழி. அந்த 2 கொட்டையை வைத்து கால் செய்யலாம், அதைவிட அதிகம் வைத்து ரெய்ஸ் செய்யலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து ஃபோல்டு செய்யலாம். கை முடிந்ததும் டீலர் இடம் ஒருவர் தள்ளி இடப்பக்கம் நகரும். 28 ஆடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும், இங்கே இடப்பக்கமாகச் சுற்றும். முதல் நாள் குழப்பத்தில் பாதி இதனால்தான் வரும்.

முதலில் மறக்க வேண்டியவை

28-இல் எட்டுச் சீட்டு வந்தால் எட்டையும் ஆடித்தான் ஆக வேண்டும். கை மோசமாக இருந்தாலும் எதிரே கூட்டாளி இருக்கிறார், அவர் சீட்டு நம்மைக் காப்பாற்றலாம். ரம்மியில் டிராப் உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு: முதலிலேயே போனால் 20 புள்ளி, நடுவில் போனால் 40. போக்கரில் பிளைண்ட் வைக்காத இடத்தில் உட்கார்ந்திருந்தால், முதல் சுற்றில் கவிழ்ப்பதற்கு ஒரு கொட்டைகூடச் செலவில்லை. இதை மனசுக்குள் இறக்கிக்கொள்ள ரம்மிக்காரர்களுக்கும் 28-காரர்களுக்கும் கொஞ்ச காலம் பிடிக்கும். கையில் சீட்டை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

இரண்டாவது, சீட்டின் மதிப்பு. 28-இல் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. போக்கரில் ஏஸுக்கு அடுத்து ராஜா, அப்புறம் ராணி, அதற்கும் கீழேதான் ஜாக்கி. ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் 28-காரர் கை தானாகக் கொட்டையை நோக்கிப் போகும். இனம் மாறிய ஜாக்கி-ஒன்பது இங்கே கவிழ்க்க வேண்டிய கை. பிக் பிளைண்டில் இருந்து, யாரும் ரெய்ஸ் செய்யாமல், இலவசமாக ஃப்ளாப் பார்க்கக் கிடைத்தால் மட்டும் விதிவிலக்கு.

28 ஆடியவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்து, மீதி நாலு என்ன வரும் என்று தெரியாமலே, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று 14-லிருந்து மேலே சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். முழுக் கையும் வருமுன் அதை எடைபோடும் அந்தப் பழக்கம் போக்கரில் நேராகக் கைகொடுக்கும்.

கைகள் எத்தனை வகை

52 சீட்டில் இரண்டிரண்டாக எடுத்தால் 1,326 விதமாகச் சேரும். ஆனால் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ராஜாவுக்கும் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் ராஜாவுக்கும் முதல் சுற்றில் வித்தியாசமில்லை. அப்படிச் சேர்த்துப் பார்த்தால் 169 வகைதான். 13 ஜோடி, ஒரே இனத்தில் 78, இனம் மாறியவை 78.

எது எத்தனை முறை வரும் என்பது தெரிந்தால் பொறுமை வரும். ஏதாவது ஒரு ஜோடி 17 கைக்கு ஒரு முறை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு முறை. வீட்டில் மணிக்கு 25 கை ஆடினால் சராசரியாக ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு ஏஸ் ஜோடி. ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் வராமல் போவது சாதாரணம். அதனால் 'பெரிய கை வந்தால்தான் ஆடுவேன்' என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. நடுத்தரக் கைகளில் எதை, எங்கே இருந்து ஆடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

உட்காரும் இடம்

ஆறு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் பேச வேண்டும், அதாவது தன் முடிவைச் சொல்ல வேண்டும். அது முதல் இடம். பிறகு இரண்டாம் இடம், மூன்றாம் இடம், டீலர், ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். ஃப்ளாப்புக்குப் பிறகு வரிசை மாறும்: ஸ்மால் பிளைண்ட் முதலில், டீலர் கடைசியில்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதே இரண்டு சீட்டு ஒரு இடத்தில் நல்ல கை, இன்னொரு இடத்தில் கெட்ட கை. முதல் இடத்தில் இருந்து ரெய்ஸ் செய்தால் பின்னால் ஐந்து பேர் இன்னும் பேசவில்லை. அந்த ஐந்து பேரில் யாராவது ஒருவரிடம் ஜோடி இருக்க ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. டீலர் இடத்தில் எல்லோரும் கவிழ்த்தபின் நீங்கள் ரெய்ஸ் செய்தால் மிச்சம் இரண்டே பேர். அப்போது அந்த வாய்ப்பு ஒன்பதில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதோடு முடியவில்லை. ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் டீலர் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். எதிரே இருப்பவர் தயங்கினாரா, உடனே வைத்தாரா, வைக்காமல் விட்டாரா, எல்லாம் தெரிந்தபின் முடிவெடுக்கலாம். நடுத்தரக் கையை ஆட இந்தத் தகவல் கட்டாயம் வேண்டும்.

ஆகவே முன்னால் பேசுகிறவர் குறைவான கைகளை ஆட வேண்டும். டீலரை நெருங்க நெருங்கக் கூட்டிக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் எந்தக் கை

இது உங்களுக்கு முன் யாரும் ரெய்ஸ் செய்யாதபோது ஆட்டத்தைத் திறப்பதற்கான பட்டியல். அனுபவசாலிகள் இதைவிடக் கூடுதலாக ஆடுவார்கள். தொடங்குகிறவர்களுக்கு இதுவே போதும். ஒரு அட்டையில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டே ஆடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதல் இடம்: ஏழு ஜோடி (இரண்டு ஏழு) முதல் ஏஸ் ஜோடி வரை. ஏஸோடு ராஜா, ராணி, ஜாக்கி, எந்த இனமானாலும். ஒரே இனத்தில் என்றால் ஏஸ்-பத்து, ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-பத்து. கணக்குப் பார்த்தால் இது 100 கைக்கு 9 கை. அதாவது முதல் இடத்தில் உட்கார்ந்தால் பதினொரு முறையில் பத்து முறை கவிழ்க்கிறீர்கள்.

இரண்டாம் இடம்: மேலே உள்ளவற்றோடு ஐந்து ஜோடி, ஆறு ஜோடி, இனம் மாறிய ராஜா-ராணி. ஒரே இனத்தில் ஏஸ்-ஒன்பது, ராஜா-பத்து, ராணி-பத்து, பத்து-ஒன்பது. 100-க்கு 12.

மூன்றாம் இடம்: இங்கே எல்லா ஜோடியும் உள்ளே வரும். ஏஸோடு எந்தச் சீட்டு சேர்ந்தாலும் ஒரே இனமாக இருந்தால் ஆடலாம். இனம் மாறியவற்றில் ஏஸ்-பத்து, ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கி. ஒரே இனத்தில் ராஜா-ஒன்பது, ஒன்பது-எட்டு, எட்டு-ஏழு. 100-க்கு 19.

டீலர் இடம்: மூன்றாம் இடத்துப் பட்டியலோடு ஒரே இனத்தில் ராஜாவோடு எந்தச் சீட்டும், ராணியோடும் ஜாக்கியோடும் எட்டு வரை. இன்னும் ஒரே இனத்தில் பத்து-எட்டு, ஒன்பது-ஏழு, எட்டு-ஆறு, ஏழு-ஆறு, ஆறு-ஐந்து, ஐந்து-நாலு. இனம் மாறியவற்றில் ஏஸ்-ஒன்பது, ஏஸ்-எட்டு, ஏஸ்-ஏழு. ராஜா, ராணி, ஜாக்கி இவற்றோடு பத்து. 100-க்கு 29.

ஸ்மால் பிளைண்ட் நல்ல இடமில்லை. ஃப்ளாப்புக்குப் பிறகு எப்போதும் முதலில் பேச வேண்டியவர் அவர். மற்றவர்கள் எல்லோரும் கவிழ்த்துவிட்டால் மூன்றாம் இடத்துப் பட்டியலைப் பின்பற்றி ரெய்ஸ் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். 'ஏற்கெனவே ஒரு கொட்டை போட்டாச்சே' என்று இன்னொன்றை வைத்து உள்ளே போவது வீட்டு ஆட்டத்தில் நிரந்தரமாக நடக்கும் வீண்செலவு. போட்ட கொட்டை நடுவில் போய்விட்டது. அது இனி உங்களுடையது இல்லை.

ஆடுவதானால் ரெய்ஸ் செய்யுங்கள்

பட்டியலில் உள்ள கை வந்து, முன்னால் யாரும் உள்ளே வராவிட்டால், 2 கொட்டை வைத்து கால் செய்யாமல் 6 கொட்டைக்கு ரெய்ஸ் செய்யுங்கள். முன்னால் சிலர் 2 வைத்து கால் செய்திருந்தால், நல்ல கையோடு ஆளுக்கு 2 சேர்த்து ஏற்றுங்கள். இரண்டு பேர் இருந்தால் 10.

காரணத்தை ஏஸ் ஜோடியை வைத்தே பார்க்கலாம். எதிரே ஏதோ ஒரு கையோடு ஒரே ஒருவர் என்றால், ஐந்து சீட்டும் திறந்து முடியும்போது ஏஸ் ஜோடி 100-க்கு 85 முறை ஜெயிக்கும். எதிரே ஐந்து பேர் கடைசிவரை இருந்தால் அது ஏறக்குறைய 49-க்கு இறங்கிவிடும். ஆட்டத்தின் தலைசிறந்த கைக்கே அந்த நிலை. 'பெரிய கை வந்திருக்கு, யாரும் பயந்து ஓடிவிடக் கூடாது' என்று அமைதியாக 2 கொட்டை வைத்து ஆறு பேரையும் உள்ளே அழைப்பவர், பாதி நேரம் அந்தக் கையில் தோற்பார். அப்புறம் சீட்டைக் குறை சொல்வார்.

எந்தக் கைக்கும் ஒரே அளவு ரெய்ஸ். ஏஸ் ஜோடிக்கு 12, ஏழு ஜோடிக்கு 5 என்று மாற்றி மாற்றி வைத்தால், கூட ஆடுபவர்கள் நீங்கள் வைக்கும் அளவைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவார்கள். வீட்டு ஆட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள், இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

உங்களுக்கு முன் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால்

இப்போது மேலே உள்ள பட்டியலை மூடிவிடுங்கள். ஒருவர் 'என்னிடம் நல்ல கை இருக்கிறது' என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் உள்ளே போக அதைவிட நல்ல கை வேண்டும்.

ஏஸ், ராஜா, ராணி ஜோடிகள், அப்புறம் ஏஸ்-ராஜா: இவை வந்தால் மறுபடி ஏற்றுங்கள், அவர் வைத்ததைப் போல மூன்று மடங்கு. ஜாக்கி, பத்து, ஒன்பது ஜோடிகள், ஏஸ்-ராணி, ஒரே இனத்தில் ஏஸ்-ஜாக்கி, ஒரே இனத்தில் ராஜா-ராணி: இவற்றுக்கு கால் செய்யலாம். மற்றவை கவிழட்டும்.

எட்டு ஜோடியும் அதற்குக் கீழ் உள்ள சின்ன ஜோடிகளும் தனிக் கதை. அவற்றை ஆடுவதன் நோக்கம் ஒன்றுதான்: ஃப்ளாப்பில் அதே எண் இன்னொன்று விழுந்து மூன்றாக வேண்டும். அது எட்டு ஒன்பது முறைக்கு ஒரு முறைதான் நடக்கும். ஆகவே நடக்கும்போது பெரிதாகக் கிடைக்க வேண்டும். கால் செய்யும் தொகையைப் போலப் பதினைந்து மடங்காவது உங்களிடமும் ரெய்ஸ் செய்தவரிடமும் இருக்கிறதா என்று பாருங்கள். 6 கொட்டை என்றால் இருவரிடமும் 90. இருந்தால் கால் செய்யுங்கள். ஃப்ளாப்பில் விழாவிட்டால், எதிராளி வைத்ததும் மறுபேச்சில்லாமல் கவிழ்த்துவிடுங்கள். அவரிடம் 40 கொட்டைதான் மிச்சம் என்றால் முதலிலேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் ரெய்ஸுக்கு மேல் ஒருவர் மறுபடி ஏற்றினால் அந்த நாலு பெரிய கைகளைத் தவிர மற்றதைக் கவிழ்த்துவிடலாம். இது கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கைதான். முதல் சில மாதங்களுக்கு அந்தக் கூடுதல் எச்சரிக்கையை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

பிக் பிளைண்டில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம், ஏனென்றால் 2 கொட்டை உள்ளே இருப்பதால் உங்களுக்குப் பார்க்கக் குறைவான செலவு. டீலர் 6-க்கு ஏற்றி, ஸ்மால் பிளைண்ட் கவிழ்த்துவிட்டார் என்றால் நடுவில் 9 இருக்கிறது. நீங்கள் 4 சேர்த்தால் மொத்தம் 13. நாலைப் பதின்மூன்றால் வகுத்தால் 100-க்கு 31. அந்த அளவு ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால் கணக்கு தேறும். ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டுகள், எல்லா ஜோடியும், ஒரே இன ஏஸ்கள், பத்துக்கு மேலான இரண்டு சீட்டுகள் இங்கே ஆடத் தகுந்தவை. அதே ரெய்ஸ் முதல் இடத்திலிருந்து வந்தால் கை வலுவானது என்று அர்த்தம், அப்போது குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆசை காட்டும் கைகள்

பிள்ளைகளோடு ஆடும்போது நான் அதிகம் கேட்கும் கேள்வி: "மாமா, ஏஸ் இருக்குல்லா, அதை எப்பிடி வைக்க?"

ஏஸோடு வருகிற சின்னச் சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இனம் மாறிய ஏஸ்-நாலை வைத்துக்கொண்டு ஒருவர் முதல் இடத்திலிருந்து உள்ளே போகிறார் என்று வைப்போம். ஃப்ளாப்பில் ஏஸ் விழவில்லையென்றால் கையில் ஒன்றுமில்லை. ஏஸ் விழுந்தால் சந்தோஷமாகக் கொட்டையை வைப்பார், யார் கால் செய்வார்கள்? இன்னொரு ஏஸ் வைத்திருப்பவர். அவர் ஏஸோடு ராஜாவோ ராணியோ ஜாக்கியோ இருக்கும். அந்த மோதலில் பெரிய துணைச் சீட்டு உள்ளவர் ஏறக்குறைய நாலில் மூன்று முறை ஜெயிப்பார். சின்னத் தொகையை ஜெயித்துப் பெரிய தொகையைத் தோற்கும் கை அது. இனம் மாறிய ராஜா-ஒன்பது, ராணி-எட்டு எல்லாம் இதே ரகம். ஒரு படச்சீட்டைக் கண்டதும் ஆடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

அடுத்தது, "ரெண்டும் ஒரே இனம்லா?" என்பது. ஒரே இனமாக இருப்பதால் கிடைக்கும் லாபம் 100-க்கு இரண்டு முதல் நாலு முறை கூடுதலாக ஜெயிப்பது, அவ்வளவுதான். ஃப்ளாப்பிலேயே முழு ஃப்ளஷ் விழுவது 100 முறைக்கு ஒரு முறைகூட இல்லை. இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷ் என்ற நிலை ஒன்பது முறைக்கு ஒரு முறை கிடைக்கும். ஆகவே ராணி-மூன்று கிளாவராக இருந்தாலும் ராணி-மூன்றுதான். ஏற்கெனவே ஓரளவு நன்றாக இருக்கிற கையை ஒரே இனம் மேலே தூக்கும். கெட்ட கையைக் காப்பாற்றாது.

நல்ல கைகளும் ஏமாற்றும். ஜாக்கி ஜோடியைப் பாருங்கள். ஃப்ளாப்பில் ராணி, ராஜா, ஏஸ் இவற்றில் ஒன்றாவது விழுவதற்கு 100-க்கு 57 வாய்ப்பு. ராணி ஜோடி என்றால் அதைவிடப் பெரிய சீட்டு விழ 41. ராஜா ஜோடிக்கு ஏஸ் விழ 23. முதல் சுற்றில் இவற்றை வலுவாக ஆடுங்கள், ஏனென்றால் அப்போது முன்னிலையில் இருப்பவர் நீங்கள். ஆனால் ஃப்ளாப்பில் ஏஸும் ராஜாவும் கிடக்க, இரண்டு பேர் மாறி மாறிக் கொட்டையை வைத்துக்கொண்டிருந்தால், ஜாக்கி ஜோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஏஸ்-ராஜா பார்க்க மிக அழகான கை. அது இன்னும் ஜோடியாகவில்லை என்பதை மறக்காதீர்கள். ஃப்ளாப்பில் மூன்று முறைக்கு ஒரு முறைதான் அதில் ஏதாவது ஒன்று ஜோடியாகும். எதிரே சின்ன ஜோடி இருந்தால்கூட, ஐந்து சீட்டும் திறந்து பார்க்கையில் அந்தச் சின்ன ஜோடிதான் பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கும். ஏஸ்-ராஜாவின் உண்மையான பலம் வேறிடத்தில்: ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி வைத்திருப்பவர்களை அது நன்றாக அடிக்கும்.

சில கைகளைப் பார்த்துப் பழகலாம்

நீங்கள் முதல் இடம். கையில் ஆர்ட்டின் ராஜா, இஸ்பேட் ராணி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கவிழுங்கள். அதே கை இரண்டாம் இடத்தில் வந்தால், முன்னவர் கவிழ்த்திருந்தால், 6-க்கு ஏற்றுங்கள்.

நீங்கள் டீலர். மூவரும் கவிழ்த்துவிட்டார்கள். கையில் இனம் மாறிய ராஜா-பத்து. ரெய்ஸ். பிளைண்ட் இருவரும் விட்டுவிட்டால் 3 கொட்டை சும்மா கிடைக்கிறது; ஒருவர் கால் செய்தாலும் கடைசியில் பேசும் வசதி உங்களுக்கு.

நீங்கள் மூன்றாம் இடம், ஐந்து ஜோடி. முதல் இடத்தில் இருப்பவர் 6-க்கு ஏற்றினார், இருவரிடமும் 180 இருக்கிறது. கால் செய்யுங்கள். ஃப்ளாப்: ராஜா, ஒன்பது, இரண்டு. அவர் 8 வைக்கிறார். கவிழுங்கள். "ஜோடிதானே, ஒருதடவை பார்ப்போமே" என்று தொடர்ந்தால், முதல் சுற்றில் சரியாக எடுத்த முடிவு இரண்டாம் சுற்றில் வீணாகிவிடும்.

நீங்கள் பிக் பிளைண்ட், ஏழு-இரண்டு, இனம் மாறியது. போக்கரின் மிக மோசமான கை என்று பெயர் வாங்கியது. மூன்று பேர் 2 வைத்து கால் செய்திருக்கிறார்கள், யாரும் ஏற்றவில்லை. கவிழ்க்க வேண்டியதில்லை, செலவில்லாமல் ஃப்ளாப் பார்க்கலாம். அதற்கு மேல் ஒரு கொட்டை கேட்டாலும் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

தனியாகப் பழகும் முறை

யாரும் கூட இல்லாதபோதும் பழகலாம். ஒரு கட்டைக் கலைத்து, இரண்டிரண்டாக 26 கைகளாகப் போடுங்கள். 'நான் முதல் இடம்' என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ஆடும் கை வலப்பக்கம், கவிழும் கை இடப்பக்கம் என்று பிரியுங்கள். வலப்பக்கம் இரண்டு மூன்று கைகள் சேர்ந்தால் சரி. ஒன்றுமே சேராத கட்டும் வரும், ஐந்து சேரும் கட்டும் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏழெட்டு சேர்ந்தால் பட்டியலை விட்டு விலகுகிறீர்கள். மறுபடி கலைத்து, இப்போது டீலர் இடம் என்று நினைத்துப் போடுங்கள். ஏழெட்டு வர வேண்டும். கட்டன் சாயா ஆறுவதற்குள் இரண்டு முறை போட்டுவிடலாம். அட்டையைப் பார்க்காமலே கை பிரிக்க வரும்வரை இதைச் செய்யுங்கள்.

கூட்டமாகப் பழகும்போது பந்தயமே இல்லாமல் அரைமணி நேரம் சீட்டைத் திறந்துவைத்து ஆடிப்பாருங்கள். ஒவ்வொருவரும் தன் இடத்தையும் முடிவையும் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இரண்டாம் இடம், இனம் மாறிய ஏஸ்-பத்து, ஃபோல்டு, ஏன்னா பின்னால நாலு பேர் இருக்காங்க." தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். பெரியவர்கள் பிள்ளைகளுக்கு 28 சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் இப்படித் திறந்த சீட்டில்தான்.

ஆள் எண்ணிக்கை மாறினால்

மேலே சொன்னது ஆறு பேருக்கு. ஒன்பது பேர் உட்கார்ந்தால் முன்னால் கூடுதலாக மூன்று இடம் வரும். அந்த மூன்றுக்கும் முதல் இடத்துப் பட்டியலையே இன்னும் சுருக்கி, எட்டு ஜோடியிலிருந்து தொடங்கி, இனம் மாறிய ஏஸ்-ஜாக்கியை எடுத்துவிட்டு ஆடுங்கள். ஐந்து பேர் என்றால் முதலில் பேசுபவர் இரண்டாம் இடத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், நாலு பேர் என்றால் மூன்றாம் இடத்துப் பட்டியலை. மூன்றே பேர் என்றால் முதலில் பேசுபவரே டீலர், அதனால் நேராக டீலர் பட்டியல். இரண்டு பேர் மட்டும் ஆடும்போது டீலரே ஸ்மால் பிளைண்டையும் வைப்பார், முதல் சுற்றில் முதலிலும் மற்றச் சுற்றுகளில் கடைசியிலும் பேசுவார். அங்கே பாதிக்கு மேற்பட்ட கைகளை ஆட வேண்டியிருக்கும், இந்தப் பட்டியல்கள் உதவாது. ஆறு பேர் ஆட்டம் கைக்குப் பழகியபின் அதற்குப் போகலாம்.